பதினான்கு திருகு

அட்டையில் பதினோரு கட்டங்களில் டிக் விழுந்திருந்தது. மகளின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே வந்திருக்க வேண்டிய இடைவெளிதான் வரவில்லை.

“இன்னும் நல்லாத் திறடி. கொட்டாவி விடற மாதிரி,” என்றாள் சித்தி.

சித்தி என்றால் மகளுக்குச் சித்தி. அவன் மனைவியின் தங்கை. ஆபீஸ் முடிந்து நேரே வந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. செல்போன் வெளிச்சத்தைப் பிள்ளையின் வாய்க்குள் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணத்தில் ஒட்டினாற்போல ஒரு கம்பிச் சாதனம் பளபளத்தது. நடுவில் குட்டித் திருகு. அதிலிருந்து இரண்டு பக்கமும் நாலு கால்கள் போய்க் கடைவாய்ப் பற்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் அதற்குச் சிலந்தி என்று பெயர். வைத்தது வாண்டு. வாண்டு என்று பெயர் வைத்தது அவள் அம்மா. வாண்டுக்கு இப்போது ஒன்பது வயது.

“இடைவெளி எங்க, மாமா?”

“வரும்.”

“ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள்ல முன்பல்லு ரெண்டும் விலகும்னு டாக்டர் சொன்னப்ப நானும்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்? இன்னிக்குப் பதினோராம் நாள்.”

“பதினோரு நாளும் திருகியாச்சு.” அவன் அட்டையை நீட்டினான்.

“அட்டை அழகாத்தான் இருக்கு. பல்லு நகரலயே.”

அவனும் தினமும் காலையில் பிள்ளை பல் தேய்க்கும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேல்தாடை என்பது ஒரே எலும்பு இல்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். இடம், வலம் என்று இரண்டு பாதி. நடுவில் சட்டைத் தையல் போல ஒரு கோடு. வளரும் பிள்ளைகளுக்கு அந்தத் தையல் இன்னும் இறுகியிருக்காது. தினம் ஒரு திருகு திருகினால் கால் மில்லிமீட்டர் விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு வந்து நிரம்பும். பாதிகள் பிரிந்துவிட்டன என்பதற்கு அடையாளம், முன்பற்களுக்கு நடுவே தெரியும் சந்து. அது பிறகு தானாகவே மூடிக்கொள்ளும். முதலில் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

மேல்தாடை குறுகலாக இருப்பதை முதலில் கவனித்தவள் மனைவி. “கீழ்ப்பல்லு வெளிய போய்க் கடிக்குது பாருங்க. வாயாலயேதான் மூச்சு விடறா,” என்று சொன்னவளும் டாக்டரிடம் நாள் குறித்து வாங்கியவளும் அவள்தான். குறித்த நாள் வந்தபோது அவள் இல்லை. மூன்றே நாள் காய்ச்சல். பதினோரு மாதம் ஆகிறது.

சித்தி வெளிச்சத்தை அணைத்தாள். பிள்ளையைப் பார்த்து, “போய்த் தண்ணி குடிடி,” என்றாள். பிள்ளை போனதும் குரலை இறக்கினாள்.

“சனிக்கிழமை டாக்டர் பாக்கட்டும். அப்பவும் ஒண்ணும் நடக்கலன்னா பாப்பா எங்க வீட்டுக்கு வரட்டும் மாமா. இது முடியற வரைக்கும்தான்.”

அவன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் குத்தம் சொல்லல. நீங்க தனி ஆளு. வேலையும் பாத்து, இதையும் பாத்துன்னா எப்படி?”

“சரி,” என்றான்.

பதினோரு மாதமாக எல்லாவற்றுக்கும் அவன் சொல்லும் பதில் அதுதான். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டான். திருகுவது ஒரு மாதம். திருகி முடித்ததும் எலும்பு கெட்டிப்படும்வரை சிலந்தி வாயிலேயே இருக்கவேண்டியது ஆறு மாதம். ஆக ‘முடியற வரைக்கும்’ என்றால் ஏழு மாதம். முதலில் பல்துலக்கி போகும். அப்புறம் பள்ளிக்கூடப் பை. ஏழு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு எது தன் வீடு என்பதே மாறிப்போகும். இந்த வீட்டில் அவனும் ஃபிரிட்ஜின் உறுமலும்தான் மிச்சம் இருக்கும்.

சமையலறையிலிருந்து வாண்டு கத்தினாள். “நான் தண்ணி குடிச்சு முடிச்சிட்டேன். இன்னும் ரகசியம் பேசணும்னா இன்னொரு டம்ளர் குடிக்கிறேன்!”

*

அவனுக்குப் பேரிங் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. வருடம் முழுவதும் ஒரே குளிரில் வைத்திருக்கும் ஓர் அறை. எஃகு வளையங்கள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டர் என்னும் அளவுக் கருவியின் வாயில் வைக்கவேண்டும். திருகவேண்டும். ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டதும் நிறுத்தி, அளவைக் குறித்துக்கொள்ளவேண்டும். பிறகு திருகியதைத் திருப்பித் தளர்த்திவிட்டுத்தான் வளையத்தை எடுக்கவேண்டும். தளர்த்தாமல் இழுத்தால் கீறல் விழும். கீறல் விழுந்தால் வளையம் குப்பைக்கு. சேர்ந்த முதல் வாரமே மேற்பார்வையாளர் விரலில் தட்டித் தட்டிப் பழக்கியது. பதினோரு வருடத்தில் கைக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்றாகிவிட்டது.

அந்த அறையில் கால் மில்லிமீட்டர் என்பது மலை. பதினோரு கால் மில்லிமீட்டர் சேர்ந்தால் ஒரு மலைத்தொடர். அது எப்படி ஒரு சின்ன வாய்க்குள் காணாமல் போகும்?

முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டான். காரணம் இருந்தது. போன மாதம் செல்போனை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினான். பாலில் இரண்டு தடவை உப்பைப் போட்டான். காலையில் வீட்டைப் பூட்டுவான், பூட்டினோமா என்று திறந்து பார்ப்பான், மறுபடி பூட்டுவான், தெருமுனையிலிருந்து திரும்பி வருவான். இப்படிப்பட்டவன் திருகாமலே டிக் போட்டிருக்கமாட்டான் என்று யார் சொல்லமுடியும்?

புதன்கிழமை சாயங்காலம் அட்டையின் ஓரத்தில் கோடு கிழித்துப் புதிதாக மூன்று பத்திகள் போட்டான். நேரம். செய்தவர். சரிபார்த்தவர். தொழிற்சாலைப் படிவத்தில் இருப்பதுபோல.

“சரிபார்த்தவர் யாரு?” என்றாள் வாண்டு. சிலந்தி வந்ததிலிருந்து அவள் பேச்சு வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

“நீதான்.”

“சம்பளம்?”

“முதல்ல வேலையப் பாரு.”

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். அவன் சாவியை எடுத்தான். தீக்குச்சி நீளத்தில் ஒரு கம்பி. தவறித் தொண்டைக்குள் போய்விடாமலிருக்க அதன் முனையில் நூல் கட்டி, விரலில் மாட்டிக்கொள்ளவேண்டும். திருகில் முன்பக்கம் ஒரு ஓட்டை தெரிந்தது. கம்பியை அதில் நுழைத்துத் தொண்டைப் பக்கமாக மெல்லத் தள்ளினான். அடுத்த ஓட்டை முன்னால் எட்டிப் பார்த்தது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடினாள். அவன் சாவியைச் சுளுவாக வெளியே எடுத்தான். அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஆச்சு,” என்றான். “பாத்தியா? திருகினேன்தானே?”

“திருகினீங்க.”

கையெழுத்துப் போட்டாள். பெயரைவிட அடியில் போட்ட சுழிப்புதான் பெரிதாக இருந்தது.

அப்படியானால் அவன் திருகத்தான் செய்கிறான். சாட்சியும் இருக்கிறது. குழப்பம் குறையவில்லை; கூடியது.

வியாழக்கிழமை சந்தேகம் சாட்சியின்மேலேயே திரும்பியது. சாவி சமையலறை ஆணியில் நூலோடு தொங்கிக்கொண்டிருக்கும். அவன் இல்லாத நேரத்தில் பிள்ளை எடுத்து எதையாவது செய்துவிட்டாளோ?

“வாண்டு, நீ சாவியத் தொட்டியா?”

“தொட்டேனே.”

“எதுக்கு?”

“கரடிக்குத் திருகினேன். அதுக்கு வாயே திறக்கல. தச்சு வச்சிருக்காங்க.”

“உனக்கு நீயே திருகிக்கிட்டியா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்கு நானே எப்படிப்பா பாத்துத் திருகறது? கண்ணு வாய்க்குள்ளயா இருக்கு?”

அதற்குப் பிறகும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போனான். வாசல் சோதனையில் காவலாளி அதை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். “என்ன சார் இது, காது குடையறதா?”

“வாய்க்கு,” என்றான்.

காவலாளி அவனையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்தார். மனைவி போன பிறகு தொழிற்சாலையில் யாரும் அவனை இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

மதியம் இணையத்தில் தேடிப் படித்தான். சில பேருக்குத் தையல் சீக்கிரமே இறுகிவிடுமாம். ஒன்பது வயதிலா? அதைப் பற்றி ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாளைக்கு வர்றீங்கதானே சார்? அப்பப் பாத்துக்கலாம்,” என்றாள். சரி என்றான்.

அன்று சாயங்காலம் பதினான்காவது கட்டத்தில் டிக் போட்டான். சரிபார்த்தவர் சுழித்தார்.

*

சனிக்கிழமை காலை. சாய்வு நாற்காலியில் வாண்டு. காலடியில் ஒரு ஸ்டூலில் அவன். சுவரோரம் சித்தி. டாக்டர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். பிறகு சின்ன அளவுகோல் ஒன்றைத் திருகின் நடுவில் வைத்தார். பிறகு இன்னொரு தடவை வைத்தார்.

“எத்தனை திருகு போட்டீங்க?”

“பதினாலு.” அட்டையை நீட்டினான்.

“அப்ப இங்க நாங்க போட்ட ரெண்டையும் சேத்துப் பதினாறு. நாலு மில்லிமீட்டர் திறந்திருக்கணும்.” அளவுகோலை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். “அரைதான் இருக்கு.”

அரை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் போட்ட இரண்டு திருகு. அவன் போட்ட பதினான்கும் பூஜ்யம்.

சித்தி அளவுகோலை எட்டிப் பார்த்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“தையல் இறுகிப்போச்சா டாக்டர்?” என்றான். தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது.

“இறுகியிருந்தா திருகு கல்லாட்டம் முரண்டு பிடிக்கும். எலும்பு வரைக்கும் நாம இன்னும் போகவே இல்ல.” டாக்டர் அட்டையைப் புரட்டினார். “இது யாரு, சரிபார்த்தவர்?”

நாற்காலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து சுண்ணாம்பில் வார்த்த ஒரு மாதிரி வாயை எடுத்தார். பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருப்பது. அதிலும் ஒரு சிலந்தி. “இதுல திருகிக் காட்டுங்க.”

சாவியை நுழைத்தான். தள்ளினான். அடுத்த ஓட்டை வந்தது. எடுத்தான்.

டாக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். “மறுபடி.”

மறுபடி செய்தான்.

டாக்டர் நீலப் பேனாவால் முன்னால் தெரிந்த ஓட்டையின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். “இப்ப. மெதுவா. புள்ளியவே பாருங்க.”

தள்ளினான். புள்ளி உருண்டு பின்னால் போய் மறைந்தது. புள்ளியில்லாத ஓட்டை முன்னால் வந்தது. சாவியை வெளியே எடுத்தான். புள்ளி திரும்பி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்று அவனைப் பார்த்தது.

அவனுக்குப் புரியவில்லை. புள்ளியைப் பார்த்தான். கையைப் பார்த்தான். இன்னொரு தடவை, யாரும் சொல்லாமலே செய்தான். புள்ளி போனது. வந்தது.

“தள்ளுறது சரியாத்தான் தள்ளுறீங்க,” என்றார் டாக்டர். “எடுக்கறப்ப சாவியத் தொண்டைப் பக்கமாவே இறக்கி எடுக்கணும். உங்க கை முன்னாடி இழுக்குது. கூடவே திருகும் திரும்பி வந்துடுது. நாலு ஓட்டையும் ஒரே மாதிரி இருக்கறதால உங்களுக்குத் தெரியல. சாண் ஏறினா முழம் சறுக்கும்னு சொல்வாங்க. நீங்க ஏறின சாணை மட்டும் கரெக்டாச் சறுக்கியிருக்கீங்க.”

குளிர் அறை நினைவுக்கு வந்தது. திருகு. குறி. தளர்த்து. எடு. பதினோரு வருடம்.

“நான் அளவெடுக்கற வேலை டாக்டர்,” என்றான். அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டாக்டர் வாண்டுவிடம் திரும்பினார். “உனக்கு அப்பா திருகறப்ப எப்படி இருக்கும்?”

“மூக்குக்கிட்ட இறுக்கும். கண்ணுக்குக் கீழ ஒரு மாதிரி அழுத்தும். அப்புறம் அப்பா எடுத்ததும் விட்டுடும்.”

“தினமும் விட்டுடுமா?”

“தினமும்.”

“ஏண்டி, வாயத் திறந்து சொல்லக்கூடாதா?” என்றாள் சித்தி. “பெரிய சரிபார்த்தவர்!”

“திருகினாரான்னுதானே கேட்டாரு? திருகினாரு.” வாண்டு கொஞ்சம் யோசித்தாள். “எனக்கு வலிக்கக்கூடாதுன்னு அப்பாவே விட்டுடறாருன்னு நினைச்சேன். சொன்னா நீங்க அவரத் திட்டுவீங்க.”

வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சும் குழாய் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இல்லை, அது வெறும் தொழில் பழக்கம் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். சொல்லவில்லை. கண்ணை இறுக்கி மூடும் பிள்ளையின் முகம் பதினான்கு நாளும் அவனுக்கு எதிரில்தான் இருந்தது. கை பழக்கத்தில் திரும்பியதா, அதைப் பார்த்துத் திரும்பியதா? அவனுக்கே தெரியவில்லை.

“ஒண்ணும் கெட்டுப்போகல,” என்றார் டாக்டர். “இன்னிலேருந்து புதுக் கணக்கு.” புது அட்டை கொடுத்தார்.

வெளியே படியிறங்கும்போது சித்தி மெதுவாகக் கேட்டாள். “நான் திருகறேனே மாமா. பாப்பாவ இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

“இல்ல,” என்றான்.

சித்தி ஒரு படியில் நின்றுவிட்டாள். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவனுக்கும்தான்.

“நான் திருகறேன். பத்து நாள் பாரு.”

“பதினோராம் நாள் வருவேன்,” என்றாள். “பையோட வருவேன்.”

*

தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. அன்று சாயங்காலம் சாவியைத் தள்ளி முடித்ததுமே மணிக்கட்டு தானாக முன்னால் வந்தது. நினைத்து நிறுத்துவதற்குள் திருகு திரும்பிவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. கை அவனுடையதுதான், சொல்பேச்சுக் கேட்கவில்லை.

“இருங்க,” என்றாள் வாண்டு. வாயைத் துடைத்துக்கொண்டாள். “நான் உங்க கையப் பிடிச்சுக்கறேன். அடுத்த ஓட்டை வந்ததும் அப்படியே நில்லுங்க. நான் கீழ இழுத்தா மட்டும் எடுக்கணும். சரியா?”

“சரி.”

மறுபடி திறந்தாள். அவன் தள்ளினான். ஓட்டை வந்தது. கை திரும்பப் பார்த்தது. இரண்டு சின்னக் கைகள் மணிக்கட்டை உடும்புப்பிடியாகப் பிடித்துத் தொண்டைப் பக்கம் இறக்கின. சாவி கழன்று வந்தது.

காத்திருந்தார்கள். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் கட்டியது.

“விடல,” என்றாள். “இறுக்கமாவே இருக்குப்பா.”

“வலிக்குதா?”

“ம்.”

“நல்லது,” என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு திகைத்தான். பிள்ளைக்கு வலிக்கிறது, அவனுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதென்ன கணக்கு?

“பாவி அப்பா,” என்றாள் வாண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அட்டையில் சுழித்தாள்.

இருவரும் சேர்ந்து ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டார்கள். அவள் முக்கால், அவன் கால்.

ஏழாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது, வாண்டு கண்ணாடியை விட்டு நகரவில்லை. அவன் போய்ப் பார்த்தான். முன்பற்களுக்கு நடுவே தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. அவன் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து நுழைத்துப் பார்த்தான். போனது. ஒன்பதாம் நாள் அட்டையின் முனையே போனது. பதினோராம் நாள் காலை அளவெடுக்கத் தேவைப்படவில்லை. யார் பார்த்தாலும் தெரிந்தது. ஒரு பல் அங்கே போகலாம், ஒரு பல் இங்கே இருக்கலாம் என்று இரண்டும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதுபோல் நின்றன. லட்சணமாக இருந்த பிள்ளை முகத்தில் ஒரு ஓட்டை. அதைப் பார்த்து அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

சாயங்காலம் சித்தி பெரிய பையோடு வந்தாள். சொன்ன சொல் தவறாதவள். வாசலிலேயே வாண்டு ‘ஈ’ என்று இளித்தாள். சித்தி குனிந்தாள். செல்போன் வெளிச்சம் அடிக்கவில்லை.

“அக்கா பாத்திருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். “வண்டி போற அளவுக்கு ரோடு போட்டிருக்கீங்களேடி.”

“தண்ணிகூடப் பீச்சுவேன் சித்தி. காட்டட்டுமா?”

“வேணாம், புடவை நனையும். ஆமா, இவ்வளவு பெரிய பையத் தூக்கிட்டு வந்தேனே, இத என்ன பண்றது?”

“கரடிய எடுத்துட்டுப் போங்க. அதுக்கு வாய் திறக்கவே மாட்டேங்குது.”

சித்தி சிரித்தாள். பையை மடித்து நாற்காலியின் அடியில் தள்ளினாள். இன்றைய திருகு பாக்கி இருந்தது. வாண்டு போய்ச் சாய்ந்துகொண்டாள். அவன் ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். நூலை விரலில் மாட்டப்போனவன், நின்றான். சித்தி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒண்ணு போடறியா?” என்றான்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“சித்தி, எடுக்கறப்பத் தொண்டைப் பக்கமா இறக்கணும்,” என்றாள் வாண்டு. “முன்னாடி இழுத்தீங்க, அப்பா கதைதான்.”

“வாயத் திறடி, வாயாடி.”

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். சித்தி சாவியை நுழைத்தாள். தள்ளினாள். அடுத்த ஓட்டை வந்தது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடினாள். சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கீழே இறக்கி எடுத்தாள். திருகு அப்படியே நின்றது.

அவன் முழங்கால்மேல், ஒன்றுமே பிடிக்காமல் இருந்த வலது கை, தளர்த்துவதுபோல் மெல்லக் கால்வாசிச் சுற்றுத் திரும்பி வந்தது.